நடையிலதான் வச்சேன்

என்ன சொன்னீங்க? ஹால்ல ஓரமா வச்சுக்கிறீங்களா? இருங்க தம்பி, இருங்க. மொதல்ல அந்தக் கைப்பிடிய விடுங்க. வண்டியக் கீழ வைங்க. ஜெனரேட்டரத்தான் நாங்க வண்டிம்போம். வாடகை எல்லாம் அப்பறம் பேசிக்கலாம். இப்படி வந்து உக்காருங்க. பெஞ்சு ஈரமா இருக்கும், அந்தச் சாக்க எடுத்துப் போட்டுக்கங்க.

கோவமாப் பேசுறேன்னு நெனைக்காதீங்க. ஹால்னு நீங்க சொன்னதும் பயந்துட்டேன். உங்க நெலமை எனக்குப் புரியுது. அம்மா படுத்த படுக்கை. காத்து மெத்தைக்கு மெஷின் ஓடலன்னா முதுகெல்லாம் புண்ணாயிரும். புயலடிச்சு இன்னையோட மூணு நாளு, கரண்டு எப்ப வரும்னு லைன்மேனுக்கே தெரியல. வண்டிய வெளிய வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். மழை வேற. அதனால ஹால்ல வச்சுக்கலாம்னு பாக்குறீங்க. நியாயம்தான். நானும் அப்படித்தான் நெனச்சேன். நீங்க இப்ப சொன்னத ஒரு வார்த்தை மாறாம நெனச்சேன்.

ஆனா ஒண்ணு. நான் உள்ள வைக்கல. நடையிலதான் வச்சேன்.

போர்டப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? சித்திரவேல் ஒலி ஒளி அமைப்பகம். முப்பத்திரண்டு வருசமா இதான் தொழிலு. இந்தப் பக்கம் எந்த ஊர்ல காதுகுத்து, கல்யாணம், தேர், எழவு, எதுவா இருந்தாலும் நம்ம செட்டுதான். எனக்குக் காது அப்படி தம்பி. தேர் அன்னிக்கு ஆயிரம் சனம் கத்திக்கிட்டு நிக்கும், வெடி வெடிக்கும், மேளம் அடிக்கும். அதுக்கு நடுவுல, கடைசித் தெருவுல கட்டின குழாயில லேசா ஒரு கரகரப்பு வந்தா இங்கேருந்து சொல்லிருவேன், அந்த மூணாவது குழாயில வயரு லூசா இருக்குன்னு. பசங்க போயிப் பாத்தா அப்படியே இருக்கும். எங்க வீட்டுல பாக்கியம் சொல்லுவா, உங்களுக்குப் பின்னாடி ரகசியம் பேச முடியாதுன்னு. பாக்கியம் என் சம்சாரம்.

இந்த வண்டியும் எனக்குப் புதுசு இல்ல. பிரிச்சு மாட்டுவேன். மேடை போட்டா ஜெனரேட்டர நாங்க அம்பது அடி அறுபது அடி தள்ளித்தான் நிறுத்துவோம், தெரியுமா? எதுக்குன்னு சொல்லுங்க பாப்போம். மைக்குல இரைச்சல் வாங்கிரும், அதுக்குத்தான். எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவர் அப்படித்தான் சொன்னார். நானும் வருசக்கணக்கா அதுக்காகத்தான் தள்ளி வச்சேன். வேற ஒரு காரணம் இருக்குன்னு அப்ப எனக்கு எவனும் சொல்லல. வீட்டுல மைக்கு இல்லையே. அப்பறம் எதுக்குத் தள்ளி வைக்கணும்?

அஞ்சு வருசத்துக்கு முன்னாடி அடிச்சுதே அந்தப் பெரிய புயலு, அப்ப நடந்தது இது. அப்ப நீங்க எங்க இருந்தீங்க? திருப்பூர்லயா? கொடுத்து வச்சவரு. இங்க ஒரு தென்னை மிச்சமில்ல. போஸ்ட்டு மரமெல்லாம் ஒடிஞ்சு வயல்ல கெடந்துச்சு. இருபத்தி மூணு நாளு கரண்டு இல்ல தம்பி. இருபத்தி மூணு. இப்ப மூணு நாளைக்கே நமக்கு மூச்சு வாங்குது.

அப்ப எம் பொண்ணு வீட்டுல இருந்தா. சுபாஷினி, ஒரே பொண்ணு. தலைப்பிரசவத்துக்கு வந்தவ. புயலு அடிச்ச அன்னிக்குக் கொழந்தைக்கு எட்டு நாளு. பொட்டப்புள்ள. பேரு கூட வைக்கல. மாப்ள சிங்கப்பூர்ல வேலை. முப்பதாம் நாளு வீட்டுக்கு அழைச்சுப் பேரு வைக்கிறதா பேச்சு.

தாயும் புள்ளயும் கொல்லைப்பக்கத்து ரூம்ல. அந்த ரூமுக்கு ஒரே ஒரு ஜன்னல், அது நடையப் பாத்துத் தொறக்கும். நடைன்னா, வீட்டுக்குப் பின்னாடி கிரில் போட்டு, மேல தகரம் போட்டு நீளமா ஒரு தாழ்வாரம் இருக்கும்ல, துணி காயப்போட, சைக்கிள் நிறுத்த, அது. பச்ச ஒடம்புக்காரி இருக்கிற ரூம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? ஜன்னலைச் சாத்தி, அதுக்கு மேல போர்வைய ஆணி அடிச்சு மாட்டி, கதவுக்குக் கீழ சாக்கைச் சுருட்டி வச்சு, காதுல பஞ்சு, தலையில துணி. ஊசி நொழையுற எடத்துலகூடக் காத்து வரக் கூடாதும்பா பாக்கியம். அவ ஆத்தா அவளுக்கு அப்படித்தான் செஞ்சா. பச்ச ஒடம்புல காத்து பட்டா ஜன்னி கண்டுரும், பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிரும், அப்பறம் காப்பாத்த முடியாதுன்னு எங்க பக்கம் ஒரு பயம். அதுவும் புயலுக்கு அப்பறம் அடிச்ச அந்தக் கூதக்காத்துல கேக்கவே வேணாம்.

மொதப் பத்து நாளு அரிக்கேன் வெளக்குதான். எங்க செட்டுக் கொட்டாய் மேல தென்னை விழுந்து வண்டி உள்ள மாட்டிக்கிச்சு. மரத்த அறுக்க ஆளு கெடைக்கல. பத்தாம் நாளு அறுத்து, வண்டிய வெளிய எடுத்து, தண்ணியெல்லாம் தொடச்சு, பிளக்க மாத்தி இழுத்தேன் பாருங்க. ரெண்டாவது இழுப்புல புடிச்சிக்கிச்சு. தெருவே கைதட்டுச்சு தம்பி. பொய் சொல்லல, நெசமாவே நின்னு தட்டுனாங்க.

அன்னிக்குத்தான் செல்போன் டவரும் வந்துச்சு. மாப்ள வீடியோவுல கூப்பிட்டாரு. பத்து நாளா பெத்த புள்ளயப் பாக்காத மனுசன். "மாமா, ஒண்ணுமே தெரியல, இருட்டா இருக்கு, கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க"ன்னாரு. அழுவுறாரு. எனக்குத் தாங்கல. என் மாப்ளைக்கு நான் வெளிச்சம் காட்ட மாட்டேனா? ஊருக்கே சீரியல் செட்டு போட்டவன் நான்.

கொட்டாய் இல்ல. வாசல்ல வைக்கலாம்னா மழை. மேலத்தெருவுல ஒருத்தரு வண்டியப் பட்டப்பகல்ல அடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு பேச்சு வேற. அதனால நடையில வச்சேன். கிரில்லுல சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாரல் அடிக்காம நம்ம பழைய பிளெக்ஸ் பேனர் ரெண்டை எடுத்து, கிரில்லு முழுக்க மேலேருந்து கீழ வரைக்கும் இழுத்துக் கட்டினேன். நல்ல கனமான பேனரு, ஒரு சொட்டு உள்ள வராது. புயல்ல கோழிக்கூண்டு பறந்து போனதால நாலு கோழியும் நடையிலதான் கெடந்துச்சு. அதுவும் பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கட்டும்னு விட்டேன்.

உள்ள வச்சேனா? இல்லையே. நடுவுல செவுரு இருக்கு, சாத்தின ஜன்னல் இருக்கு, போர்வை இருக்கு. நடையிலதானே வச்சேன்?

இது பெட்ரோல் வண்டி. பெரிய டீசல் வண்டின்னா கரும்புகை கக்கும், கண்ணுக்குத் தெரியும், மனுசன் வெலகிருவான். இதுல புகையே தெரியாது. ஒரு வெள்ளைத் துணியப் புடிச்சுக் காட்டலாம், கறுக்காது. அவ்வளவு சுத்தம்னு நானே ஊரெல்லாம் பெருமையடிச்சிருக்கேன்.

மொத நாளு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். மாப்ள புள்ளயப் பாத்தாரு. விரலை எண்ணிப் பாத்தாரு. சிரிச்சாரு. மறுநாள் காலையில சுபா சொன்னா, "தலை வலிக்குதுப்பா." பாக்கியம் சொன்னா, "போனையே பாத்துக்கிட்டு இருந்தா வலிக்காம என்ன செய்யும்? பச்ச ஒடம்பு கண்ணு." சரிதானேன்னு பத்து போட்டு விட்டோம்.

ரெண்டாம் நாளு நாலு மணி நேரம். வாசலுக்கு வயரு இழுத்து நாப்பது போனு சார்ஜு போட்டேன். தெருவே வாசல்ல. எல்லாருக்கும் அண்ணே, மாமா, சித்தப்பா, எல்லாமே சித்திரவேல்தான். எனக்குத் தலைகால் புரியல. அன்னிக்கு சுபா வாந்தி எடுத்தா. பூண்டுக் கஞ்சி ஒத்துக்கலைன்னா பாக்கியம். மறுநா விடிஞ்சு நடையில போயிப் பாத்தா ரெண்டு கோழி செத்துக் கெடக்கு. காலை நீட்டிக்கிட்டு, ஒரு காயம் இல்ல. கூதல்ல விறைச்சிருச்சுன்னு நெனச்சேன். கொல்லையில குழி தோண்டிப் பொதைச்சேன். நான்தான் பொதைச்சேன் தம்பி, இந்தக் கையால. அப்பவாவது எனக்கு உறைக்க வேணாம்?

பயமா இருக்கா? இருக்கட்டும். பயந்தாத்தான் நல்லது.

மூணாம் நாளு. விடிஞ்சதுலேருந்து மழை. காலையிலேயே வெளக்கு வச்ச நேரம் மாதிரி இருட்டு. பச்சப்புள்ளய இருட்டுல போடக் கூடாது பாருங்க, அதனால காலையில ஒம்பது மணிக்கே வண்டியப் போட்டுட்டேன். பேனரை இன்னும் இறுக்கிக் கட்டினேன், சாரல் அப்படி அடிச்சுது.

பத்து மணிக்கு சுபா சொன்னா, "யப்பா, மூச்சு முட்டுது, ஜன்னலத் திறங்க." பாக்கியம் சத்தம் போட்டா, "மழைக்காத்து அடிக்குதுடி, ஜன்னலத் திறக்கவா?" அவ கேக்கல. எழுந்திரிச்சு அவளே போர்வையப் புடிச்சு இழுத்தா. இழுத்தவ நிக்க முடியாம தடுமாறிக் கட்டில்ல உக்காந்துட்டா. பேச்சு கொழறுது. கொழந்தையப் பாத்து "அந்தச் சொம்ப எடு"ங்கிறா. பாக்கியம் என்னைப் பாத்தா. நான் அவளைப் பாத்தேன். ரெண்டு பேரு மனசுலயும் ஒரே வார்த்தைதான் தம்பி. ஜன்னி. ஐயோ, காத்து பட்டுருச்சு, எம் புள்ளைக்கு ஜன்னி கண்டுருச்சு.

அதுக்கு நாங்க என்ன செஞ்சோம்? போர்வையத் திரும்ப மாட்டினோம். ஒண்ணுக்கு ரெண்டா மாட்டினோம். ஜன்னல் இடுக்குல பழைய துணியத் திணிச்சோம். கதவுக்குக் கீழ இன்னொரு சாக்கு. காப்பாத்துறோம்னு நெனச்சுக்கிட்டு இந்தக் கையால திணிச்சேன். அவ கட்டில்ல படுத்துக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.

பாக்கியத்துக்கும் தலைவலி. அவ அடுப்படியில இருந்தா, அது முன்பக்கம். மருந்து இடிச்சுக்கிட்டு இருந்தா. நான் வாசல்ல போனுங்களோட உக்காந்திருந்தேன். மழை கொட்டுது. உள்ளேருந்து சத்தமே இல்ல. கூப்பிடல அவ. கூப்பிட்டிருந்தா நான் ஓடியிருக்க மாட்டேனா? கூப்பிடவே இல்ல. அப்படியே கூப்பிட்டிருந்தாலும் அந்த மழையில, வண்டி சத்தத்துல, எங்க கேக்கப் போவுது?

ரெண்டரை மணி இருக்கும். சரி, எட்டிப் பாத்துட்டு வருவோம்னு போனேன். கதவை லேசாத் தொறந்தேன். ட்யூப் லைட் வெளிச்சத்துல ரெண்டு பேரும் தூங்குறாங்க. புள்ளைக்குக் கன்னமெல்லாம் செவந்து, அவ்வளவு அழகா இருந்துச்சு. அப்பாடா, ரெண்டும் நல்லாத் தூங்குது, ஜன்னி தெளிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். சத்தம் வராம கதவைச் சாத்தினேன் தம்பி. எழுந்துரக் கூடாதுன்னு அடிமேல அடி வச்சு வந்தேன். சாக்கையும் காலால தள்ளிச் சரியா வச்சுட்டு வந்தேன்.

கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுங்க. அந்தப் பானைக்குப் பக்கத்துல டம்ளர் இருக்கு. ம்.

மூணு மணிக்கு நர்ஸம்மா வந்தாங்க. ஆரோக்கியமேரி, எங்க ஊரு துணை சுகாதார நிலையத்துல இருந்தாங்க. பிரசவமான வீட்டையெல்லாம் பாத்துட்டுப் போறது அவங்க வேலை. ரோட்டுல மரம் கெடக்கு, சைக்கிள் வராது, நடந்தே வந்திருக்காங்க, முட்டி வரைக்கும் சேறு. முன்வாசல்ல கூட்டமா இருந்ததால கொல்லை வழியா வந்தவங்க, நடைக்கிட்ட வந்து நின்னுட்டாங்க. பேனரை வெலக்கி உள்ள பாத்திருக்காங்க. மிச்சம் இருந்த ரெண்டு கோழியும் வண்டிக்குப் பக்கத்துல செத்துக் கெடந்திருக்கு.

"அண்ணே!"ன்னு ஒரு கத்து. நான் ஓடினேன்.

"கோழி எப்படிச் செத்துச்சு?"

"கூதல்ல செத்துருச்சும்மா. காலையிலயும் ரெண்டு."

"உள்ள யாரு படுத்திருக்கா?"

"பொண்ணும் புள்ளயும்தான். நல்லாத் தூங்குறாங்க."

அந்தம்மா மொகம் வெளிறிப் போச்சு. "வண்டிய நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே வண்டிய!"

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நின்னு வாதாடினேன். சித்திரவேலுக்கு ஒரு பொம்பள வந்து ஜெனரேட்டர் பத்திச் சொல்றதான்னு. "யம்மா, முப்பது வருசமா இதோட மல்லுக்கட்டுறவன் நான். உள்ள வைக்கல, நடையிலதான் வச்சிருக்கேன்"னேன். அரை நிமிசம் இருக்கும். ஒரு நிமிசமே இருக்கலாம். அந்தம்மா என்னை ஒரே தள்ளாத் தள்ளிட்டு உள்ள ஓடிருச்சு. சாக்கை ஒதைச்சு, கதவைத் தொறந்து, மூச்சப் புடிச்சுக்கிட்டுப் போயிப் புள்ளயத் தூக்கிட்டு வெளிய வந்துச்சு. வந்து என் கையில போட்டுச்சு. "வெளிய தூக்கிட்டுப் போங்க, காத்து படணும்"னு சொல்லிட்டு சுபாவ இழுக்க உள்ள போயிருச்சு.

புள்ளை என் கையில. துணி மாதிரி கெடக்கு. கழுத்து நிக்கல. பாக்கியம் ஓடி வந்து, "ஐயோ மழையில போடாதீங்க, பச்சப்புள்ள, ஜன்னி கண்டுரும்"னு கத்துறா, என் கையைப் புடிச்சு உள்ள இழுக்குறா. ஒரு பக்கம் அவ இழுக்குறா, ஒரு பக்கம் நர்ஸம்மா வெளிய போங்கங்குது. நான் நடுவுல நிக்கிறேன் தம்பி, அந்தப் புள்ளயை வச்சுக்கிட்டு. அந்த நேரத்துல எனக்கு இருந்த பயம் இருக்கே, அது இன்னும் போகல. இப்பவும் மழை பேஞ்சா அந்தக் கனம் என் கையில இருக்கும், இந்த எடத்துல.

போனேன். கொல்லை நடுவுல, கொட்டுற மழையில போயி நின்னேன். நர்ஸம்மா சுபாவக் கக்கத்துல கை குடுத்து இழுத்துட்டு வந்து சேத்துலயே போட்டுட்டு, என் கையிலேருந்து புள்ளய வாங்கி, அதோட வாயையும் மூக்கையும் சேத்துத் தன் வாயால மூடி, ஊதுச்சு. ஊதிட்டு நெஞ்சப் பாக்குது. திரும்ப ஊதுது. தெரு முழுக்க வந்து சுத்தி நிக்குது. சார்ஜு போட வந்த நாப்பது பேரும் நிக்கிறாங்க. எங்கேயோ ஒரு போனு மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. பூனைக்குட்டி முனகுற மாதிரி ஒண்ணு கேட்டுச்சு. மொதல்ல எனக்குத்தான் கேட்டுச்சு, வேற யாருக்கும் கேக்கல. "அழுவுது"ன்னு சொன்னேன். நர்ஸம்மா நம்பல. அப்பறம் வீறிட்டு அழுதுச்சு பாருங்க.

கட்டில்ல வச்சு ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போயி, டிராக்டர்ல ஏத்தி, அங்கேருந்து ஆம்புலன்ஸ்ல தஞ்சாவூரு. புள்ளைக்கு மூணு நாளு ஆக்சிஜன், சுபாவுக்குப் பதினோரு நாளு. டாக்டர் கேட்டாரு, "என்னய்யா, அடைச்ச எடத்துல எஞ்சினை ஓட்டிட்டு நடையிலங்கறே? அந்த வெஷவாயுவுக்கு வாசமும் கெடையாது, நெறமும் கெடையாது. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, எல்லாத்துலயும் பூந்துரும். தலைவலி, வாந்தி, தூக்கம், அப்பறம் எழுந்திருக்கவே மாட்டாங்க." நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். நின்னுக்கிட்டே, "நடையிலதான் சார் வச்சேன்"னேன். வாயி அதைத்தான் சொல்லுது, நான் என்ன செய்ய?

பொழைச்சுக்கிச்சுங்க. ரெண்டும் பொழைச்சுக்கிச்சு. பேத்திக்கு இப்ப அஞ்சு முடிஞ்சு ஆறு. நிறைமதின்னு பேரு. மாப்ள வச்சது. ஓயாம பேசும். சுபாவுக்குத்தான் ஒரு கொறை. சாமான் பேரெல்லாம் சட்டுன்னு வராது. சீப்பக் கையில வச்சுக்கிட்டே, "இது... அந்த... தலைக்கு"ம்பா. புள்ளை எடுத்துக் குடுக்கும், "சீப்பும்மா"ன்னு. அது வெளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு.

ஒரத்தநாட்டுல இருக்கா, மாமியா வீட்டுல. பொங்கலுக்கு வருவா, தீவாளிக்கு வருவா. காலையில வந்து சாயங்காலம் போயிருவா. ராத்தங்க மாட்டா. கேட்டா, மாமியாருக்கு ஒடம்பு சரியில்லம்பா. அந்த ரூம் பக்கம் போறதில்ல. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல தம்பி. ஒரு வார்த்தை. சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, அவ்வளவுதான். "யப்பா"ன்னு கூப்பிட மாட்டேங்கிறா. முன்ன யப்பாதான். இப்ப "அப்பா."

மழை விட்டிருச்சு போல. இல்ல, தூறுது.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ. பாக்கியத்துக்கிட்டகூட நான் இதைச் சொன்னதில்ல. அவ கூப்பிடலன்னு சொன்னேன்ல? கூப்பிட்டா தம்பி.

ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா. "யப்பா"ன்னு. சத்தமா இல்ல, மெதுவா, கெணத்துக்குள்ளேருந்து கூப்பிடுற மாதிரி. மழை, வண்டி, வாசல்ல நாப்பது பேரு பேச்சு, எல்லாத்துக்கும் நடுவுல எனக்குக் கேட்டுச்சு. எனக்குக் கேக்காதா? மூணாவது குழாயில கரகரப்பு கேக்குற காது எனக்கு. எம் பொண்ணு கூப்பிட்டது கேக்காதா? ரெண்டாவது தடவையும் கூப்பிட்டா. திரும்ப ஜன்னலைத் திறக்கச் சொல்லப் போறா, ஜன்னி முத்துது, போனா அடம் புடிப்பா, கொஞ்ச நேரம் விட்டா தானா தூங்கிருவான்னு நெனச்சு, கேக்காத மாதிரி உக்காந்திருந்தேன். யாரோ போனை நீட்டினாங்க, வாங்கிச் சொருகினேன். மூணாவது தடவை கூப்பிடல. அரை மணி நேரம் கழிச்சுத்தான் போனேன். நல்லாத் தூங்குறாங்கன்னு சாத்திட்டு வந்தேன்.

அது அவளுக்கு ஞாபகம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எத்தனையோ வார்த்தை மறந்துட்டா. இதையும் மறந்திருப்பாளோ? இல்ல இது மட்டும் நிக்குதோ? கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அவ காரை விட்டு எறங்கி வர்றப்ப ஒவ்வொரு தடவையும் அவ மொகத்தத்தான் பாப்பேன். இன்னிக்குச் சொல்லிருவாளோ, இன்னிக்குக் கேட்டுருவாளோன்னு. அஞ்சு வருசமாப் பயந்துக்கிட்டு இருக்கேன். புயலைக் கண்டு எனக்குப் பயம் இல்ல தம்பி. எம் பொண்ணக் கண்டுதான் பயம்.

சரி. எழுந்திரிங்க.

வண்டிய நீங்க எடுத்துக்கிட்டுப் போக வேணாம், நானே வர்றேன். அந்த நூறு அடி வயரை எடுங்க, அந்த ஆணியில மாட்டியிருக்கு பாருங்க. ஹால்லயும் கெடையாது, நடையிலயும் கெடையாது, வராண்டாவுலயும் கெடையாது. வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல, மேடைக்குத் தள்ளி வைப்போமே, அந்த அம்பது அடியாவது வேணும், புகைக்குழாய் வயலப் பாத்து இருக்கணும். மழைக்கு மேல மட்டும் ஒரு தகரத்தப் புடிப்போம், நாலு பக்கமும் தொறந்து கெடக்கட்டும். வயரை நேரா மெத்தை மெஷின்லதான் சொருகுவோம், செவுத்துப் போர்டுல சொருகக் கூடாது. கரண்டு லைனுக்குத் திரும்பிப் போயி, போஸ்ட்டுல ஏறி நிக்கிற லைன்மேன் புள்ளைங்களை அடிச்சிரும். அம்மா இருக்கிற ரூம்ல ஜன்னலெல்லாம் தொறந்து இருக்கணும். கூதல்னா ரெண்டு போர்வை போத்துங்க.

திருட்டுப் போயிருமா? போவாது. நான்தான் பக்கத்துலயே உக்காந்திருக்கப் போறேனே. எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாப் போதும்.

உங்க சம்சாரத்துக்கிட்ட ஒண்ணு சொல்லிருங்க. நான் வெளியிலேருந்து பத்து நிமிசத்துக்கு ஒருதரம் அம்மாவைக் கூப்பிடுவேன், கிறுக்கன்னு நெனைக்க வேணாம். அவங்க ஒரு "ம்" சொன்னாப் போதும். எவ்வளவு மெதுவாச் சொன்னாலும் எனக்குக் கேக்கும்.

அம்மா பேரு என்ன, நீங்க சொல்லவே இல்லியே?